நாப்பழக்கமும் மனப்பழக்கமும்

(ஆசிரியர் கூடுகையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்திற்குத் தலைமையேற்றிருக்கும் மதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, இத்தனை பள்ளிகளையும் தம் சொந்தப் பிள்ளைகளைப் போலத் தாங்கிவரும் தாளாளர் ஐயா அவர்களே, காலை ஆறு மணியிலிருந்து நாற்காலி போட்டு, தண்ணீர்ப் பானை நிரப்பி, ஒலிபெருக்கி சரிபார்த்து, இப்போதும் உட்காராமல் தூணோரம் நின்றுகொண்டிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கடலோரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அரசுப் பள்ளிகளிலிருந்து விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கும் தமிழாசிரியத் தோழர்களே, சேகரத் தலைவர்களே, பெற்றோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

பங்குத்தந்தை அவர்களுக்கு இன்னொரு வணக்கம் தனியாகச் சொல்லவேண்டும். இது நம் திருமண்டலத்துக் கூட்டம். அவர் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளின் படிப்பு என்று சொன்னதும் எந்தச் சபை, யார் கூட்டம் என்று கேட்காமல் புறப்பட்டு வந்துவிட்டார். நான் இன்று சொல்லப்போகும் கதை ஒன்று அவர் கடற்கரையைச் சேர்ந்தது. அவர் முன்னால் அதைச் சொல்லக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தாளாளர் ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு ‘செவ்வியல் கிறிஸ்தவக் கல்வியின் விழுமியங்கள்’. ஐந்து பகுதியாகப் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். மொழி, தர்க்கம், பேச்சு, நற்குணம், ஐந்தாவதாக ஆசிரியர். ஐந்துக்கும் சேர்த்து என் கையில் ஒரே ஒரு பழமொழிதான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் அதையே சொல்லிவந்தேன்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். உங்களில் பலர் இதை என்னிடம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். இன்றும் கேட்பீர்கள்.

சரி, செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி என்றால் என்ன? அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்றொரு சிறு ஊர் இருக்கிறது. ரஷ்யாவின் மாஸ்கோ இல்லை, இது வேறு. அங்கே 1981இல் சில பெற்றோர்கள் லோகோஸ் என்ற பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த படிப்பு அவர்களுக்குப் போதவில்லை. பழைய முறைக்குத் திரும்புவோம் என்றார்கள். இன்று அந்த வழியில் பல நூறு பள்ளிகள் நடக்கின்றன. அவர்களுக்குத் தூண்டுகோலாக இருந்தது ஓர் ஆங்கிலப் பெண்மணியின் சொற்பொழிவு. டோரதி சேயர்ஸ் என்று பெயர். துப்பறியும் கதைகள் எழுதியவர், இத்தாலியக் கவிஞர் தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசினார். பிள்ளைகளுக்குப் பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம், சிந்திப்பது எப்படி என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்பதுதான் அவருடைய வருத்தம். கருவிகளைத் தொலைத்துவிட்டோம் என்றார்.

எந்தக் கருவிகள்? இடைக்கால ஐரோப்பாவில் ஏழு கலைகள் என்று வைத்திருந்தார்கள். முதல் மூன்று இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை. இந்த மூன்றுக்கும் சேர்த்து லத்தீனில் ‘ட்ரிவியம்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன தெரியுமா? மூன்று பாதை கூடும் இடம். நம் பேச்சில் முச்சந்தி. அதற்கு அப்புறம்தான் கணக்கு, வடிவியல், இசை, வானியல் என்ற நான்கும் வரும். சேயர்ஸ் அம்மையார் இந்த மூன்றையும் பிள்ளையின் வளர்ச்சியோடு பொருத்திக் காட்டினார். சின்ன வயதில் பிள்ளை கிளி மாதிரி. சொன்னதையெல்லாம் ஆசையோடு திருப்பிச் சொல்லும். அப்போது மனப்பாடம். பத்துப் பன்னிரண்டு வயதில் எதிர்த்துப் பேசும், ஏன் எதற்கு என்று நச்சரிக்கும். அப்போது தர்க்கம். அப்புறம் தன் மனதைச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு வரும். அப்போது சொல்வன்மை. இந்த வரிசையை வகுப்பில் நின்ற எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

இதில் கிறிஸ்தவம் எங்கே வருகிறது? ஆதித் திருச்சபையிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. கிரேக்கப் புலவர்களும் தத்துவ ஞானிகளும் எழுதியதைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் படிக்கலாமா? ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று பழைய திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டார். ஆனால் அவருக்கு முன்பே பவுல் அப்போஸ்தலர் அதே ஏதென்ஸில் நின்று ‘உங்கள் புலவர்களிலும் சிலர்’ என்று கிரேக்கரின் கவிதையை எடுத்துச் சொல்லித்தான் பிரசங்கம் செய்தார். நான்காம் நூற்றாண்டில் ஆயர் பசிலியார் இளைஞர்களுக்கு எழுதினார்: தேனீ எல்லாப் பூவுக்கும் போவதில்லை, போன பூவையும் முழுதாகத் தூக்கி வருவதில்லை, தேவையானதை மட்டும் எடுக்கிறது, அதுபோலப் படியுங்கள் என்று. அகஸ்டின் ஒருபடி மேலே போனார். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களே, அந்தப் பொன்தான் புறமதத்தாரின் நல்ல கல்வி, அதை எடுத்து ஆண்டவரின் வேலைக்குப் பயன்படுத்துங்கள் என்றார். அவரே மிலான் நகரில் சொல்வன்மை ஆசிரியராக இருந்தவர்தான்.

ஆக, இந்தக் கல்வியின் அடிப்படை இரண்டு நம்பிக்கைகள். உண்மை எங்கே கிடந்தாலும் அது கடவுளுடையது என்பது ஒன்று. பள்ளிக்கூடம் வேலைக்கு ஆள் தயாரிக்கும் இடம் அல்ல, மனிதனை உருவாக்கும் இடம் என்பது மற்றொன்று. இதைச் சொல்லிவிட்டு முதல் பகுதிக்கு வருகிறேன்.

மொழி. அமெரிக்கப் பள்ளிகளில் இதற்காக லத்தீன் கற்பிக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. அவர்கள் மொழியின் பாதி வேர் அங்கே கிடக்கிறது, அவர்கள் சபையின் பழைய பாட்டெல்லாம் அதில்தான். நம் ஊரிலும் அப்படி ஆரம்பிக்கலாமா என்று போன மாதம் ஒரு நண்பர் என்னிடம் ஆர்வத்தோடு கேட்டார். நான் அவரிடம் சொன்னேன்: ஐயா, நம்முடைய லத்தீன் செந்தமிழ். கையில் பொற்காசை வைத்துக்கொண்டு ஏன் கடன் கேட்டுப் போகிறீர்கள்?

இது என் சொந்த ஆசையால் சொல்வதல்ல. இந்தக் கல்வியில் ஊறியவர்கள் நம் நாட்டுக்கு வந்தபோது செய்ததைப் பாருங்கள். இயேசு சபையார் 1599இல் தங்கள் பள்ளிகளுக்கு ஒரு விதிநூல் வகுத்தார்கள். தினமும் மனப்பாடப் பகுதியை மாணவன் ஒப்பிக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு மாணவர்களிலேயே ஒருவனை நியமிப்பார்கள். லத்தீனில் அவனுக்குத் ‘தெக்கூரியோ’ என்று பெயர். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த அதே வேலை! அந்த இயேசு சபையின் படிப்பைப் படித்துவிட்டு இத்தாலியிலிருந்து வந்தவர்தான் வீரமாமுனிவர். வந்தவர் என்ன செய்தார்? நம் பிள்ளைகளுக்கு லத்தீன் கவிஞர் விர்ஜிலைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தாம் உட்கார்ந்து தமிழ் படித்தார். தேம்பாவணி பாடினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். அங்கிருந்து வந்த பொன்னுக்கு இங்கிருந்து பொன் போயிற்று.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துப் படித்தார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் கிரேக்கமும் எபிரேயமும் படித்த மனிதர். பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை. இருவர் விரலிலும் ஒரே மணல். இரண்டே வருடத்தில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் லத்தீன் மொழியில் அச்சானது. அவருடைய சபையின் முன்னோடியான லூத்தர் 1524இல் ஜெர்மன் நகரசபையார்களுக்கு எழுதியிருந்தார்: ஆவியின் பட்டயம் தங்கியிருக்கும் உறைதான் மொழிகள் என்று. உறை போனால் பட்டயம் துருப்பிடிக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்த உறை எது? நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நம் சாயர்புரத்தில் 1840களில் ஜி.யு. போப் நம் பையன்களுக்குக் கிரேக்கமும் லத்தீனும் எபிரேயமும் கணக்கும் தத்துவமும் சொல்லிக்கொடுத்தார். தேரிக்காட்டு ஓரத்தில், பனையேறிகளின் ஊர்களுக்கு நடுவில்! செவ்வியல் கல்வி மேட்டுக்குடிக்காரர்களின் அலங்காரம் என்று யாராவது சொன்னால் அவரைச் சாயர்புரத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தப் போப் பிற்காலத்தில் எதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்? 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், 1900இல் திருவாசகம். அதற்கும் முன்னால் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் ஒரு செமினரி தொடங்கினார்கள். ஆங்கிலமும் கணிதமும் வானியலும் படித்த அந்தப் பிள்ளைகள் குறளும் நன்னூலும் நிகண்டும் சேர்த்துப் படித்தார்கள். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். கலித்தொகையைச் செல்லரித்த ஏட்டிலிருந்து 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அதே தாமோதரம்பிள்ளை. 1855இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்பது மிஷன் தலைமையின் குறை. முப்பத்திரண்டு வருடம் நடந்த பள்ளி. நானும் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகும்.

இப்போது உங்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரிகிறது. மனப்பாடம்தானே நம் படிப்பைக் கெடுத்தது, அதையா மறுபடி கொண்டுவரச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. பதில் நன்னூலில் இருக்கிறது. பவணந்தி முனிவர் ஒரு சமணர். மாணாக்கர் எத்தனை வகை என்று அவர் சொல்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர்கள் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர்கள் நடுவில். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டும் நெய்யரி போன்றவர்கள் கடைசி. கவனியுங்கள்: கிளிக்கு அவர் முதல் இடம் தரவில்லை. சொன்னதைச் சொல்வது நடுத்தரம்தான். முதல் இடம் பசுவுக்கு. ஏன்? பசு கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேயும். அப்புறம் நிழலில் படுத்து, மேய்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். ஐரோப்பிய மடாலயங்களிலும் துறவிகள் சங்கீதத்தை வாய்க்குள் முணுமுணுத்துத் தியானிப்பதற்கு ‘ருமினாசியோ’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் அசைபோடுதல் என்றுதான் பொருள். ஒரு சமண முனிவரும் கிறிஸ்தவத் துறவிகளும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே தொழுவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நாம் தேர்வுக்கு நெட்டுருப் போடவைக்கிறோமே, அது பசு வேலை இல்லை, ஓட்டைக் குடத்தின் வேலை. மார்ச் மாதம் நிரம்பும், ஏப்ரலில் காலி. நான் கேட்பது வேறு. மதிப்பெண்ணுக்காக அல்லாமல், தன் சொத்தாக ஒரு பாட்டை நெஞ்சில் வைத்துக்கொள்ளும் மனப்பாடம். மேயாத மாடு எதை அசைபோடும்? சொல்லே இல்லாத நாக்கு எதைச் சிந்திக்கும்? செந்தமிழும் நாப்பழக்கம் என்பதற்கு அடுத்த அடி என்ன? ‘வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்.’ முதலில் நா, அதன் பிறகு மனம். டோரதி சேயர்ஸ் சொன்ன வரிசையும் அதுதான்.

இனி இரண்டாவது பகுதி, தர்க்கம். இதற்கு விளக்கம் வேண்டாம், பங்குத்தந்தை முன்னால் சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1987இல் நான் ஒரு கடலோர ஊரில் தமிழாசிரியர். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். விடியற்காலை கரைமடி வலை இழுக்கப் போய்விட்டு நேரே பள்ளிக்கு வருவான். தலைமுடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். கணக்கில் பத்து மதிப்பெண் வாங்கினால் பெரிது. மற்ற ஆசிரியர்கள் அவனைக் கைகழுவியிருந்தார்கள். நானும் அவனை ஏதோ பெரிதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நான் சொல்லரங்கம் வைப்பேன். அதில் ஒரே ஒரு விதி. எதிரணிக்காரனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அவன் சொன்னதை நீ உன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் ‘ஆமா, நான் சொன்னது அதுதான்’ என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் நீ பதில் பேசலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்வினாஸ் தன் பெருநூல் முழுக்க அப்படித்தான் எழுதினார். எதிர்க்கருத்துகளை முதலில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் தன் கருத்துக்கு வருவார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் நம் அருணந்தி சிவாச்சாரியாரும் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பரபக்கம் என்று முதலில் வைத்து, பிறகுதான் தம் கொள்கையைச் சுபக்கம் என்று சொன்னார். இதெல்லாம் அந்தப் பையனுக்கு நான் சொல்லவில்லை. விதியை மட்டும் சொன்னேன்.

அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. ‘சார், அவன் சொல்றது தப்பு. தப்பை நான் ஏன் சார் என் வாயால சொல்லணும்?’ என்று சண்டைக்கு வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை கோபத்தில் பெஞ்சை உதைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை தானாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. கடலுக்குப் போய்விட்டான். நானும் மாற்றலாகி வந்துவிட்டேன்.

இருபது வருடம் கழிந்தது. அந்த ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தால், முச்சந்தியில் சிலுவை நிற்கும் குருசடிக்கு முன்னால் பெருங்கூட்டம். மணலில் ஒரு வலை விரித்துக் கிடக்கிறது, நடுவில் நீளமாகக் கிழிந்து. இரண்டு பக்கமும் நாற்பது ஐம்பது ஆண்கள். ஒரு பக்கம், ‘உன் படகு ஏறித்தான் என் வலை போச்சு’ என்கிறது. இன்னொரு பக்கம், ‘ராத்திரி வலை கிடக்கிற இடத்தில் விளக்குப் போடாம நீ என்ன மயிலே பாடிக்கிட்டு இருந்தியா’ என்கிறது. கை ஓங்குகிற நேரம். பெண்கள் சிறுபிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே நிற்கவும் பயம், போகவும் மனமில்லை.

அப்போது சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் கிழிந்த வலையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்து நடுவில் நின்றான். வலைக்காரரைப் பார்த்து, ‘அண்ணே, கொஞ்சம் பொறுங்க. நீங்க சொல்றதை நான் சொல்லிப் பாக்கேன், சரியான்னு சொல்லுங்க’ என்றான். ‘மூணு நாளா பாடு இல்ல. வட்டிக்கு வாங்கின வலை. விளக்குப் போட்டுத்தான் இருந்தீக, காத்துல அணைஞ்சு போச்சு. எஞ்சின் சத்தம் கேட்டு நீங்க கூப்பிட்டீக, அவுகளுக்குக் கேக்கல. இதுதானே?’ வலைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அவரே அவ்வளவு தெளிவாக அதைச் சொல்லியிருக்கவில்லை. ‘ஆமாப்பா, அதான்’ என்றார். குரல் இறங்கிவிட்டது.

பிறகு மறுபக்கம் திரும்பினான். ‘மாமா, நீங்க சொல்றது இது. இருட்டு. விளக்கு தெரியல. தெரிஞ்சிருந்தா ஒதுங்கிப் போயிருப்பீக. வேணும்னு ஏத்தல. உங்க எஞ்சினும் வலை சுத்திக் கெட்டுப் போச்சு, அதை யாரும் பேசல. சரியா?’ படகுக்காரர் தலையை ஆட்டினார். கூட்டத்தில் ஓங்கியிருந்த கைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. அப்புறம்தான் அவன் கேட்டான்: கிழிந்த வலையில் எவ்வளவு தேறும், எஞ்சின் சரிபார்க்க எவ்வளவு ஆகும், மிச்சத்தை எப்படிப் பங்கு போடலாம் என்று. கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு பக்கத்துக் கிழவர்களும் குருசைத் தொட்டுக்கொண்டு நடந்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது அவன் என்னைப் பார்த்தான். முதலில் மடித்திருந்த சாரத்தை அவிழ்த்துக் கீழே விட்டான். பிறகு கிட்டே வந்தான். நெற்றியில் அதே உப்பு. எனக்கு அடையாளம் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. ‘தம்பி, இதெல்லாம் எங்கேப்பா படிச்ச?’ என்று கேட்டேன். அவன், ‘வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு சார்’ என்றான்.

நன்றி, நன்றி. கைதட்டல் அவனுக்குச் சேரட்டும். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. நான் இன்று இங்கே வந்து நிற்பதற்குக் காரணமே அவன் அடுத்துச் சொன்னதுதான். அவனுக்கு ஒரு மகள், ஏழாம் வகுப்பு. கடன் வாங்கி ஒரு பெரிய பள்ளியில் சேர்த்திருக்கிறான். ‘நல்லாப் படிக்கா சார். ஆனா அவளுக்கு ஒரு பாட்டுத் தெரியல. ஒரு சங்கீதம் தெரியல. ஸ்கூல்ல கேட்டா அதுக்கு நேரமில்லையாம். எனக்குத் தெரிஞ்சது எம் மவளுக்குத் தெரியலையே சார்’ என்றான். பத்தாம் வகுப்பில் தேறாத அப்பனுக்குத் தெரிந்தது நன்றாகப் படிக்கும் மகளுக்குத் தெரியவில்லை. அந்த இரவு நான் கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மூன்றாவது பகுதியான பேச்சை அந்தத் தம்பியே நடத்திக் காட்டிவிட்டான். நான் அதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

நற்குணம் என்ற நான்காவது பகுதியில் ஒன்றே ஒன்று. நான் உயிராகப் போற்றும் ‘சித்திரமும் கைப்பழக்கம்’ பாட்டின் கடைசி அடியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்’ என்று அது முடிகிறது. ஔவையார் பெயரால் வழங்கும் பாட்டு. மறுத்துப் பேசத் தயக்கம்தான். இருந்தாலும் செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி இந்த இடத்தில் ஒத்துப்போகாது. நியாயமான செயலைச் செய்து செய்துதான் ஒருவன் நியாயவான் ஆகிறான் என்றார் அரிஸ்டாட்டில். நற்குணம் என்பது அன்பின் ஒழுங்கு என்றார் அகஸ்டின்; எதை எவ்வளவு நேசிக்க வேண்டுமோ அதை அவ்வளவு நேசிக்கப் பழகுவது. பிறவியிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது என்றால் பள்ளிக்கூடம் எதற்கு, கிருபை எதற்கு? பெஞ்சை உதைத்தவன் குருசடி முன்னால் சமாதானம் செய்தானே, அது பிறவிக் குணமா? எதிராளியின் வார்த்தையைத் தன் நாக்கில் வைத்துப் பார்க்கப் பழகிய பழக்கம் அது. நாப்பழக்கம்தான் அங்கே தயையாக மாறியிருக்கிறது. பிறருக்கு இரங்குவதற்கும் வாயில் சொல் வேண்டும் ஐயா.

ஐந்தாவது பகுதி ஆசிரியர். மேசைமேல் இருக்கும் கடிகாரத்தைத் தாளாளர் ஐயா என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். ஆகவே அதை விரிக்காமல், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நம் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் காலை வழிபாடு முடிந்த கையோடு இருபது நிமிடம் தாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வாரத்துக்கு ஒரு சங்கீதப் பகுதி, நான்கு அடி செய்யுள். குறளோ, நாலடியாரோ, தேம்பாவணியோ, கம்பனோ எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வேதமே சொல்லியிருக்கிறது. உரத்துச் சொல்ல வேண்டும், எல்லோரும் சேர்ந்து. மதிப்பெண் கூடாது, நோட்டுப் புத்தகம் கூடாது, பரிசுக் கோப்பையும் வேண்டாம். வருடத்துக்கு நாற்பது வாரம் என்று வைத்தால் நூற்றறுபது அடி. ஐந்து வருடத்தில் எண்ணூறு அடி. எண்ணூறு அடி நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் வெறுங்கையோடு போகமாட்டாது. வெள்ளிக்கிழமை மட்டும் அந்த இருபது நிமிடம் சொல்லரங்கத்துக்கு. விதி உங்களுக்குத் தெரியும்.

இதற்குப் பணம் தேவையில்லை. கட்டடம் தேவையில்லை. தமிழாசிரியர்தான் தேவை. நம் பள்ளிகள் சிலவற்றில் தமிழாசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. மற்றப் பாட ஆசிரியர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பேராயர் அவர்களே, உங்கள் பொறுமையை நான் சோதிக்கிறேன், மன்னிக்க வேண்டும். கணினி அறை திறப்பதற்கு நீங்கள் வந்தபோது நான் முதல் ஆளாகக் கைதட்டினேன். அதே மனதோடு கேட்கிறேன். வருகிற ஜூனுக்குள் அந்த இடங்களை நிரப்பித் தாருங்கள். பணி ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் அதுவரை சம்பளமில்லாமல் வந்து அந்த இருபது நிமிடத்தை நடத்திக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம். பின்வாசலுக்குப் பக்கத்தில் மேசைமேல் விண்ணப்பத் தாள் இருக்கிறது. பெற்றோர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வையுங்கள், மையும் வைத்திருக்கிறோம்.

நான் முடிக்கவில்லை, முடித்துவைக்க வேறொருவர் வருகிறார். இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. பத்து நாளாக என்னோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருபத்துமூன்றாம் சங்கீதத்தையும் நான்கு குறளையும் நாவில் ஏற்றியிருக்கிறாள். வா தாயே, பயப்படாதே, இப்படி நடுவில் வந்து நில். யாராவது அந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள், பிள்ளைக்கு எட்டவில்லை.